விண்வெளியில் திரட்டும் சூரிய மின்சாரம்: குழப்பமில்லாத சொற்களைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அறிவியல் பற்றி எதை எழுதினாலும் முதலில் அவனிடம்தான் காட்டுவேன். ஒருமுறை "விண்வெளியில் சேமிக்கப்படும் சூரிய சக்தி" என்று தலைப்புப் போட்ட இரண்டு பக்கத்தைக் கொடுத்தேன். வாசித்து முடித்துவிட்டு, "மாமா, அவ்ளோ பெரிய பேட்டரிய எப்படி மேல கொண்டு போவாங்க?" என்று கேட்டான்.

நான் எழுதியதில் பேட்டரி என்ற சொல்லே இல்லை. கடுப்போடு திரும்ப வாசித்தேன். தலைப்பில் 'சேமிக்கப்படும்'. உள்ளே மூன்று இடத்தில் 'சூரிய மின்கலம்'. சேமிப்பும் மின்கலமும் சேர்ந்தால் யாருக்கும் பேட்டரிதான் ஞாபகம் வரும். பள்ளிப் புத்தகத்திலேயே மின்கலம் என்றால் டார்ச் லைட்டில் போடுகிற செல்தானே. தப்பு பையன் மீது இல்லை.

அந்த இரண்டு பக்கத்தைத் திருத்தப் போய், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் போட்டு மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. அந்த வேலையைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், வகுப்பெடுப்பவர்கள், காணொளிக்குப் பேச்சு தயாரிப்பவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஓர் இடத்தில் பயன்படும்.

படி 1: அகராதியைத் திறக்கும் முன் வழியை வரையுங்கள்

ஒரு தாளை எடுத்து, மேலே சூரியன், கீழே உங்கள் வீட்டு ஸ்விட்ச் என்று வரைந்துகொள்ளுங்கள். இடையில் என்ன நடக்கிறது?

காற்று மண்டலத்துக்கு வெளியே, பூமியின் தூரத்தில், சூரிய ஒளி சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட் என்ற கணக்கில் விழுகிறது. அதைச் செயற்கைக்கோளில் இருக்கும் தகடுகள் மின்சாரமாக்குகின்றன. அந்த மின்சாரத்தை ஒரு கருவி நுண்ணலையாக மாற்றி, பெரிய ஆன்டெனா வழியாகத் தரையை நோக்கி அனுப்புகிறது. தரையில் இருக்கும் ஆன்டெனாக்கள் அந்த அலையை வாங்கி மறுபடி மின்சாரமாக்குகின்றன. அப்புறம் வழக்கமான கம்பி, துணை மின்நிலையம், வீடு.

ஒளி, மின்சாரம், நுண்ணலை, மின்சாரம். நான்கு கட்டம், மூன்று மாற்றம். தாளில் ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் அந்த இடத்தில் ஓடுவது எதுவோ அதை எழுதுங்கள். இதை வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும், ஏனென்றால் தமிழில் வரும் தவறான வாக்கியங்களில் பெரும்பாலானவை ஒரு கட்டத்தின் சொல்லை இன்னொரு கட்டத்தில் போடுவதால் வருபவை. "விண்வெளியிலிருந்து மின்சாரம் பாய்கிறது" என்று எழுதினால் வாசகர் மனத்தில் வானத்திலிருந்து மின்னல் இறங்கும். நடுவில் வருவது அலை. நான் வைத்திருக்கும் விதி சுலபமானது: கம்பி இருக்கிற இடத்தில் மட்டும் 'மின்சாரம்'. செயற்கைக்கோளுக்கும் தரைக்கும் நடுவே கம்பி இல்லாத 35,786 கிலோமீட்டருக்கு 'அலை' அல்லது 'ஆற்றல்'.

தலைப்பில் மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். 'விண்வெளிச் சூரிய மின்சாரம்' என்று தலைப்பு வைத்தால், கடைசியில் கையில் கிடைப்பது மின்சாரம் என்ற பொருளில் அது சரிதான்.

படி 2: எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

'விண்வெளி சூரிய சக்தி' என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு விஷயங்கள் உலவுகின்றன.

ஒன்று, விண்வெளியிலேயே திரட்டி விண்வெளியிலேயே செலவழிப்பது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் பெரிய இறக்கைகள், ஏறக்குறைய எல்லாச் செயற்கைக்கோள்களின் தகடுகள் எல்லாம் இந்த வகை. இதில் புதுமை ஒன்றும் இல்லை. பல பத்தாண்டுகளாக நடப்பது. இரண்டாவது, நாம் பேசவந்தது: மேலே திரட்டி, அலையாக்கி, கீழே அனுப்புவது. மூன்றாவது, கண்ணாடி வைத்து வெயிலையே திருப்பிவிடுவது. 1993 பிப்ரவரியில் ரஷ்யர்கள் ஸ்னாம்யா என்ற 20 மீட்டர் அகலக் கண்ணாடிப் படலத்தை விரித்து, ஐரோப்பா மீது சில கிலோமீட்டர் அகல வெளிச்ச வட்டத்தை ஓடவிட்டார்கள். இதில் கீழே வருவது ஒளிதான். மேலே மின்சாரமாகும் கட்டமே கிடையாது. நான்காவது இப்போது அதிகம் பேசப்படுவது: கணினிக் கிடங்குகளையே, அதாவது டேட்டா சென்டர்களையே, மேலே வைத்துவிடலாம் என்ற யோசனை. அதில் கீழே வருவது தகவல் மட்டும்.

நான்கையும் பிரிக்க இரண்டு கேள்வி போதும். மின்சாரம் எங்கே செலவாகிறது? கீழே வருவது என்ன? முதல் பத்தியிலேயே இந்த இரண்டுக்கும் பதில் வந்துவிட வேண்டும். இதற்குத் தமிழ் வசதியான மொழி. வேற்றுமை உருபு இருக்கிறது. 'விண்வெளியில் திரட்டி', 'விண்வெளியிலிருந்து பூமிக்கு' என்று இரண்டு உருபு போட்டாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் 'ஸ்பேஸ் சோலார் பவர்' என்று மூன்று சொல்லை அடுக்கியதால் வந்த மூட்டத்தைத் தமிழிலும் அடுக்கி இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

படி 3: மூலத்தில் எத்தனை பெயர் இருந்தாலும் உங்களுக்கு ஒன்று போதும்

இந்த யோசனையைப் பொறியியல் திட்டமாக முன்வைத்தவர் பீட்டர் கிளேசர். 1968-ல் சயன்ஸ் இதழில் எழுதினார். 1973-ல் காப்புரிமை பெற்றார். அவர் இதைச் 'சாட்டிலைட் சோலார் பவர் ஸ்டேஷன்' என்றார். 1970-களின் கடைசியில் நாசாவும் அமெரிக்க எரிசக்தித் துறையும் சேர்ந்து ஆராய்ந்தபோது 'சோலார் பவர் சாட்டிலைட்' ஆயிற்று. பிறகு 'ஸ்பேஸ் சோலார் பவர்' வந்தது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இன்று 'ஸ்பேஸ்-பேஸ்டு சோலார் பவர்' என்கிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஆய்வுத் திட்டத்துக்குச் சோலாரிஸ் என்று தனிப் பெயர்.

வேடிக்கை என்னவென்றால், ஜப்பானியர்கள் எஸ்.எஸ்.பி.எஸ். என்று சுருக்குவதும் கிளேசர் எஸ்.எஸ்.பி.எஸ். என்றதும் எழுத்தில் ஒன்று, விரிவில் வேறு. கிளேசரின் முதல் எஸ் செயற்கைக்கோள், ஜப்பானியரின் முதல் எஸ் விண்வெளி. கடைசி எஸ் அங்கே நிலையம், இங்கே அமைப்பு. ஆகவே தமிழில் சுருக்கெழுத்தைக் கொண்டுவரவே வேண்டாம். மூலக் கட்டுரையில் பெயர் மாறும்போதெல்லாம் நீங்களும் மாற்றினால், வாசகர் நான்கு திட்டங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

உங்களுக்குத் தேவை இரண்டு பெயர்: யோசனைக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று. நான் யோசனைக்கு 'விண்வெளிச் சூரிய மின்சாரம்' என்றும், மேலே சுற்றுகிற பொருளுக்குச் 'சூரிய மின் செயற்கைக்கோள்' என்றும் வைத்திருக்கிறேன். இவற்றுக்கு வருமுன் கழித்துக்கட்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் அதே ஆசைகள் வரும்.

'சூரிய செயற்கைக்கோள்': சுருக்கமாக இருக்கிறது. ஆனால் சூரியனை ஆராய 2023 செப்டம்பரில் ஏவிய ஆதித்யா-எல்1 இருக்கிறதே! தமிழ் வாசகருக்கு முதலில் அதுதான் வரும். நடுவில் ஒரு 'மின்' சேர்த்தால் தப்பிக்கலாம்.

'விண்மின்': இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஒரே பெருமை. இரண்டே அசை, அழகு. மறுநாள் தட்டச்சு செய்தால் பாதி இடத்தில் 'விண்மீன்' என்று திருத்தப்பட்டிருந்தது. ஓர் எழுத்து நீண்டால் நட்சத்திரமாகிவிடும் சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது.

'ஞாயிறு மின்சாரம்': தனித்தமிழ் ஆர்வத்தில் எழுதலாம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் மின்சாரமா என்று கேட்பார்கள். 'கதிரவன்' கவிதைக்கு நல்லது. 'சூரிய' என்பதே எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டு மொட்டைமாடியைப் பற்றிப் பேசும்போது 'சோலார்' என்றே எழுதினாலும் பாதகமில்லை.

'வான்வெளி' வேண்டாம். செய்திகளில் அது விமானம் பறக்கும் எல்லை: வான்வெளி மூடப்பட்டது, வான்வெளியில் அத்துமீறல் என்றுதான் வரும். 'விண்வெளி' என்றே இருக்கட்டும். பொருளைக் குறிக்க 'விண்கலம்' என்றும் எழுத வேண்டாம்; பக்கத்திலேயே 'மின்கலம்' வந்தால் வாசிப்பவர் நாக்கும் கண்ணும் தடுக்கும். 'மின்கலம்' என்பதையே விட்டுவிட்டுச் 'சூரியத் தகடு' என்று எழுதுவதுதான் என் பழக்கம், பேட்டரிக் கதைக்குப் பிறகு.

படி 4: சக்தி, ஆற்றல், திறன், வலு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆற்றல் வேறு, திறன் வேறு. ஆற்றல் என்பது மொத்தமாக எவ்வளவு. திறன் என்பது எந்த வேகத்தில். இலங்கைப் பாடநூலில் முன்னது சக்தி, பின்னது வலு. ஆக, யாழ்ப்பாணத்து மாணவர் 'சூரிய சக்தி' என்று எழுதினால் அவர் கணக்காகத்தான் எழுதுகிறார். சென்னையில் அதே சொல் பேச்சுவழக்கில் எதற்கும் பொருந்தும் சொல். இரண்டு பேரும் வாசிக்கப் போகிறார்கள் என்றால், முதலில் வரும்போதே அலகைச் சேர்த்துவிடுங்கள். கிலோவாட் என்றால் திறன் அல்லது வலு; யூனிட் என்றால் ஆற்றல் அல்லது சக்தி. அலகு இருந்தால் சொல் எந்த ஊருடையதாக இருந்தாலும் பொருள் நிற்கும்.

இதை விளக்க மின்கட்டண அட்டையைவிட நல்ல பாடநூல் இல்லை. 2 கிலோவாட் ஹீட்டரை அரை மணி நேரம் போட்டால் 1 யூனிட். ஹீட்டரில் அச்சடித்திருப்பது திறன். அட்டையில் ஏறுவது ஆற்றல். இதே கணக்கை மேலே கொண்டுபோங்கள். நாசாவின் அந்தப் பழைய மாதிரித் திட்டத்தில் ஒரு செயற்கைக்கோள் தரையில் தர வேண்டியது 5 கிகாவாட். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் உலைகள் ஐந்துக்குச் சமம். அது ஒரு நாள் முழுக்க ஓடினால் 12 கோடி யூனிட். "தினமும் 5 கிகாவாட் உற்பத்தி" என்ற வாக்கியம் "கார் தினமும் 60 கிலோமீட்டர் வேகம் ஓடுகிறது" என்பது போல. எங்கேயோ ஒரு சொல் தொலைந்திருக்கிறது.

'திறன்' இன்னொரு தொல்லையும் தரும். எவ்வளவு போட்டால் எவ்வளவு கிடைக்கும் என்ற விகிதத்துக்கும் பலர் 'திறன்' என்றே எழுதிவிடுகிறார்கள். பாடநூலில் அது பயனுறுதிறன், இலங்கையில் வினைத்திறன். இரண்டும் கொஞ்சம் கனமான சொற்கள். பொதுவாசகருக்கு நான் சொல்லையே தவிர்த்து, "நூற்றுக்கு எத்தனை" என்று வாக்கியமாக்கிவிடுவேன். அதைவிட முக்கியம், எதிலிருந்து எதுவரை என்று சொல்வது. 1975-ல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ரேதியான் நிறுவனத்து வில்லியம் பிரவுன் உள்ளிட்ட குழுவினர் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு நுண்ணலையில் ஆற்றலை அனுப்பி, 30 கிலோவாட்டுக்கு மேல் நேர்திசை மின்சாரமாக, அதாவது டி.சி.யாக, எடுத்தார்கள். அங்கே நூற்றுக்கு 80-க்கு மேல் என்று ஓர் எண் அடிக்கடி மேற்கோளாக வரும். அது ஏற்கும் ஆன்டெனா வரிசை மீது விழுந்த அலையில் எவ்வளவு மின்சாரமாயிற்று என்ற கணக்கு. அனுப்பும் முனையில் செலவான மின்சாரத்திலிருந்து கணக்குப் போட்டால் அந்த எண் வராது. "80 சதவீதம் மின்சாரம் வந்து சேர்ந்தது" என்று தமிழில் எழுதினால் ஒரே வரியில் பொய்யாகிவிடும், எழுதியவர் யோக்கியராக இருந்தாலும்.

படி 5: பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லைக் கவனியுங்கள்

சேகரி, சேமி, திரட்டு. மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடு. சேமி என்றால் பிறகு எடுக்க வைத்துக்கொள்வது. வங்கி, உண்டியல், பேட்டரி. இந்தச் செயற்கைக்கோள் எதையும் வைத்துக்கொள்வதில்லை. வாங்கிய கையோடு அனுப்பிவிடும். சேகரி என்பது பரவாயில்லை, ஆனால் தபால்தலை சேகரிப்பதுபோல் அதிலும் வைத்துக்கொள்ளும் வாசனை இருக்கிறது. திரட்டு என்பதில் சிதறியிருப்பதை ஒன்றாக்கும் பொருள் மட்டும் வருகிறது. அதுதான் தேவை.

அனுப்புவதற்கு என்ன வினை? 'கடத்து' என்பது கம்பி செய்யும் வேலை. செம்பு மின்சாரத்தைக் கடத்தும். மேலும், "பூமிக்கு மின்சாரம் கடத்தல்" என்று தலைப்பு வைத்தால் சுங்கத்துறை வந்து நிற்கும். 'பாய்ச்சு' வயலுக்கு நல்ல சொல். வானத்திலிருந்து பாய்ச்சினால் ஆயுதம்போல ஒலிக்கிறது. 'செலுத்து' ராக்கெட்டுக்கும் கட்டணத்துக்கும் போய்விட்டது. 'அனுப்பு', 'வாங்கு' என்ற இரண்டு எளிய சொற்களிலேயே முழுக்கட்டுரையையும் எழுதலாம், எழுதியும் இருக்கிறேன். கலைச்சொல் கட்டாயம் வேண்டும் என்றால் 'கம்பியில்லா ஆற்றல் அனுப்புகை'. 'கம்பியில்லா மின்சாரம்' என்று மட்டும் விட்டால் போன் சார்ஜர் என்று நினைப்பார்கள்.

படி 6: நுண்ணலை, கதிர்வீச்சு, கதிரியக்கம்

பயமும் அலட்சியமும் இந்தப் படியில்தான் உள்ளே வரும். கதிரியக்கம் என்பது அணுக்கரு சிதைவது. கதிர்வீச்சு என்பது பொதுச்சொல். வெயிலும் கதிர்வீச்சு, எப்.எம். ரேடியோவும் கதிர்வீச்சு. ஆனால் செய்தித்தாள் வாசிக்கிற தமிழருக்குக் கதிர்வீச்சு என்றாலே அணு உலையும் செல்போன் கோபுரமும்தான். அகராதிப்படி சரியான சொல்லாக இருந்தாலும், விளக்கமில்லாமல் 'கதிர்வீச்சு மூலம் பூமிக்கு வரும்' என்று எழுதினால் வாசகர் தப்பாகத்தான் புரிந்துகொள்வார். 'நுண்ணலை' என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.

நுண்ணலையில் 'நுண்' இருக்கிறதே தவிர, அலை ஒன்றும் அவ்வளவு நுண்மையில்லை. பழைய திட்டத்தில் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பிலும் அதே. அதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூடுதல். ரேடியோ அலைகளோடு ஒப்பிட்டுத்தான் நுண். அடுப்பை உவமையாக எடுத்தால் கூடவே எண்ணையும் கொடுங்கள், இல்லையென்றால் வானத்திலிருந்து அடுப்பு திறந்துவிட்டதுபோல் ஆகிவிடும்.

எண் இதுதான். அந்தத் திட்டத்தில் கற்றையின் மையத்தில் சதுர மீட்டருக்கு 230 வாட். தரையில் ஆன்டெனாக்கள் நிற்கும் திடலின் விளிம்பில் 10 வாட். தெளிவான நாளில் உச்சிவெயில் சுமார் 1000 வாட். ஆக, வெயிலில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இங்கே நிறுத்தி "ஆகவே ஆபத்தே இல்லை" என்று முடிப்பவர்கள் உண்டு. நுண்ணலை வெயில்போல் தோலோடு நிற்காமல் உடலுக்குள் கொஞ்சம் இறங்கும். பொதுமக்களுக்குச் சர்வதேச வழிகாட்டு வரம்பு இந்த அதிர்வெண்ணில் சதுர மீட்டருக்கு 10 வாட். மையம் அதைப்போல் 23 மடங்கு. எனவே மையத்தில் ஆள் உலாவ முடியாது, விளிம்பில் வரம்புக்குள் வந்துவிடும், ஊர் எரிந்துபோகாது. மூன்றையும் சொல்லுங்கள். 'மரணக்கதிர்' என்ற சொல்லும் வேண்டாம், 'முற்றிலும் பாதுகாப்பான' என்ற சொல்லும் வேண்டாம்.

கதிர் என்பதும் கற்றை என்பதும் வேறு. கதிர் ஒரு கோடு. கற்றை அகலமுள்ளது, நடுவில் அடர்ந்து ஓரத்தில் மெலிவது. நமக்கு வேண்டியது கற்றை. லேசரில் அனுப்பும் திட்டங்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதும்போது 'லேசர் கற்றை' என்று தனியாகச் சொல்லுங்கள், நுண்ணலையின் எண்களை அங்கே ஒட்டாதீர்கள்.

படி 7: தரையில் இருக்கும் அந்தப் பெரிய பொருளுக்கு ஒரு பெயர்

அலையை வாங்கி நேர்திசை மின்சாரமாக்கும் ஆன்டெனாவுக்கு ஆங்கிலத்தில் 'ரெக்டிஃபையிங்', 'ஆன்டெனா' என்ற இரண்டு சொல்லை ஒட்டி ரெக்டெனா என்றார்கள். தமிழில் என்ன செய்வது? 'மின்மாற்று ஆன்டெனா' என்று ஒரு வரைவில் எழுதினேன். வாசித்த மின்வாரிய ஓய்வூதியர் ஒருவர், "எந்த டிரான்ஸ்பார்மர்?" என்றார். மின்மாற்றி என்றால் தெருமுனையில் நிற்பது. அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. 'ஏற்புப் புலம்' நன்றாக ஒலிக்கிறது, ஆனால் இயற்பியலில் புலம் என்றால் மின்புலம், காந்தப்புலம். ரெக்டிஃபையருக்குத் 'திருத்தி' என்பது பாடநூலில் சரியான சொல். வெளியே அச்சுப்பிழை திருத்துவது.

கடைசியில் ரெக்டெனா என்ற கடன்சொல்லையே வைத்துக்கொண்டேன். முதல்முறை வரும்போது "நுண்ணலையை வாங்கி மின்சாரமாக்கும் ஆன்டெனா, அதாவது ரெக்டெனா" என்று ஒரு வரி. ஆயிரக்கணக்கில் அவற்றை வரிசையாக நிறுத்திய இடத்துக்கு 'ரெக்டெனா திடல்'. திடல் என்றால் பெரிய வெட்டவெளி என்பது யாருக்கும் விளங்கும். 'பண்ணை' என்று சிலர் எழுதுகிறார்கள். கோழிப்பண்ணை அளவு மனத்தில் வந்துவிடும்.

அளவு முக்கியம், ஏனென்றால் 'ஆன்டெனா' என்றதும் மொட்டைமாடிக் குடைதான் ஞாபகம் வரும். பழைய மாதிரித் திட்டத்தில் திடல் 10 கிலோமீட்டருக்கு 13 கிலோமீட்டர். ஏன் அவ்வளவு? அலை தூரம் போகப் போக விரியும். அதைத் தடுக்க முடியாது. தோராயக் கணக்கு: அனுப்பும் ஆன்டெனாவின் அகலத்தையும் கீழே விழும் வட்டத்தின் அகலத்தையும் பெருக்கினால், அலைநீளத்தையும் தூரத்தையும் 2.44-ஐயும் பெருக்கியது வரும். 0.122 மீட்டர் அலை, 35,786 கிலோமீட்டர், மேலே 1 கிலோமீட்டர் அகல ஆன்டெனா என்றால், கீழே ஏறக்குறைய 10.6 கிலோமீட்டர். 5.8 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் அது நாலரைக் கிலோமீட்டராகச் சுருங்கும். 13 எப்படி வந்தது? செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கிறது; அமெரிக்கா வடக்கே இருக்கிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்ச வட்டம் நீளுமே, அதுதான்.

படி 8: "24 மணி நேரமும்" என்று எழுதும் முன்

இது சின்னப் படி. செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் பாதை 'புவிநிலைச் சுற்றுப்பாதை'. அங்கும் நிழல் உண்டு. மார்ச், செப்டம்பர் மாதங்களையொட்டிச் சில வாரங்கள், நள்ளிரவு நேரத்தில், அதிகபட்சம் 70 நிமிடம் அளவுக்குப் பூமி சூரியனை மறைக்கும். ஆண்டு முழுக்கச் சேர்த்தால் 1 சதவீதத்தை ஒட்டித்தான். 'இரவே இல்லாத' என்பதற்குப் பதில் 'ஏறக்குறைய 99 சதவீத நேரம் வெயில் படும்' என்றால் தீர்ந்தது. "விண்வெளியில் வெயில் எட்டு மடங்கு" என்பதும் அடிக்கடி வரும். 1361-ஐ 1000-ஆல் வகுத்துப் பாருங்கள், எட்டு வராது. மீதி வித்தியாசம் இரவு, மேகம், சாய்வெயில் இல்லாததால் வருவது, பிரகாசத்தால் வருவதில்லை. 'ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஒளி' என்று சேர்த்துச் சொல்லாமல் மடங்குக் கணக்கை எழுதாதீர்கள்.

படி 9: நடந்ததை நடந்த அளவுக்கு மட்டும் சொல்லும் வினைகள்

கண்டறிந்தார்கள், வாங்கினார்கள், மின்சாரமாக்கினார்கள், மின்கட்டமைப்பில் சேர்த்தார்கள். நான்கும் நான்கு உயரம். 2023 ஜனவரியில் கால்டெக் பல்கலைக்கழகம் அனுப்பிய சோதனைக் கலத்தில் மேப்பிள் என்ற கருவி, கலத்துக்குள்ளேயே சிறு தூரத்துக்கு ஆற்றலை அனுப்பி எல்.இ.டி. விளக்கை எரியவிட்டது. தரையை நோக்கி அனுப்பிய அலையைப் பசடேனாவில் ஒரு கட்டடக் கூரையில் இருந்த கருவி கண்டறிந்தது. இரண்டும் பெரிய சாதனைதான். ஆனால் "விண்வெளியிலிருந்து மின்சாரம் வந்துவிட்டது" என்ற தலைப்புக்கு அது இடம் தராது. தரையில் நடந்தது 'கண்டறிதல்'. ஜப்பானில் 2015-ல் மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் 10 கிலோவாட்டை 500 மீட்டருக்கு அனுப்பிக் காட்டியது தரையிலிருந்து தரைக்கு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தியத் தொடர்பு சொல்ல விரும்பினால், 2010-ல் அப்துல் கலாம் அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கத்தோடு சேர்ந்து இதற்கென ஒரு முயற்சியைத் தொடங்கினார். அங்கும் 'தொடங்கினார்' என்பதே சரி. 'செயற்கைக்கோள் அமைத்தார்' என்று ஒரு இடத்தில் வாசித்துத் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

படி 10: வாசகர் எந்த ஊர் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்

செயற்கைக்கோள் இலங்கையில் செய்மதி, சிங்கப்பூரில் துணைக்கோளம். அதிர்வெண் இலங்கையில் மீடிறன். மாறுதிசை மின்னோட்டம் அங்கே ஆடலோட்டம். எது உயர்ந்தது என்ற சண்டை வேண்டாம். 'ஆடலோட்டம்' எனக்கு ரொம்பப் பிடிக்கும், சொல்லே அசைகிறது. உங்கள் வாசகர் கூட்டத்தின் சொல்லை எடுங்கள், முதல் இடத்தில் மற்றதையும் 'அதாவது' போட்டுச் சேருங்கள், பிறகு மாற்றாதீர்கள்.

படி 11: பழைய பத்தியை எடுத்துத் திருத்திப் பாருங்கள்

என் முதல் வரைவில் இருந்தது:

"விண்வெளியில் சேமிக்கப்படும் சூரிய சக்தி, சக்திவாய்ந்த கதிர்வீச்சின் மூலம் பூமிக்குக் கடத்தப்பட்டு, தினமும் 5 கிகாவாட் மின்சாரம் 24 மணி நேரமும் வழங்கப்படும்."

திருத்தியது:

"சூரிய மின் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியைத் திரட்டி மின்சாரமாக்கும். அதை நுண்ணலையாக மாற்றித் தரைக்கு அனுப்பும். தரையில் விரித்த ரெக்டெனா திடல் அந்த அலையை வாங்கி மறுபடி மின்சாரமாக்கும். 1970-களில் போட்ட ஒரு திட்டத்தின்படி, திடலிலிருந்து கம்பிக்குப் போகும் திறன் 5 கிகாவாட். ஆண்டில் இரண்டு பருவம், நள்ளிரவை ஒட்டிச் சிறிது நேரம் செயற்கைக்கோள் பூமியின் நிழலில் இருக்கும்போது மட்டும் அனுப்புவது நின்றிருக்கும்."

ஒரு வாக்கியம் ஐந்தாகிவிட்டது. செயப்பாட்டுவினை போய், யார் எதைச் செய்கிறது என்பது வந்துவிட்டது. நீளத்தைப் பற்றிக் கவலைப்பட்டு மறுபடி ஒட்ட வேண்டாம்.

படி 12: வரையச் சொல்லுங்கள்

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பேனாவைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். எந்தச் சொல் தவறான படம் போட்டது என்று உடனே தெரியும்.

திருத்திய பக்கத்தை அக்கா மகனிடம் கொடுத்தேன். இந்தமுறை பேட்டரி இல்லை. மேலே தகடுகள், நடுவில் விரிந்து வரும் கற்றை, கீழே நீள்வட்டம். எல்லாம் சரி. ஆனால் நீள்வட்டத்தைப் பாய் விரித்ததுபோல் மண்ணோடு மண்ணாக வரைந்து, உள்ளே முழுக்கக் கறுப்படித்திருந்தான். "இவ்ளோ இடத்துல ஒண்ணுமே விளையாதா மாமா?" என்றான்.

உண்மையில் அந்தத் திட்டங்களில் ஆன்டெனாக்கள் தூண்கள்மேல் வலைபோல நிற்கும். அடியில் வெயிலும் மழையும் இறங்கும், பயிர் செய்யலாமா என்ற யோசனைகூட இருக்கிறது. பத்தியை மறுபடி பார்த்தேன். 'விரித்த' என்று நான்தான் எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டு, 'தரையில் கால் நட்டு, தலைக்கு மேல் வலைபோலக் கட்டிய' என்று மாற்றினேன். அவன் ரப்பரை எடுத்துக் கறுப்பை அழிக்க ஆரம்பித்தான்.